மொட்டைப் பாத்தியும் கல் பாத்தியும்

ஜூன் 4

அன்பு மருமகளே, பழங்காலத்து அடுப்பைத் தோண்டும் சாம்பல் டாக்டரே,

இந்தக் கடிதத்தில் நான் எழுதப்போவதை உலகத்தில் ஒருவரும் நம்பப் போவதில்லை என்று முதலிலேயே கை உயர்த்தி உறுதி கூறிவிடுகிறேன். நீ நம்பமாட்டாய். உன் அம்மா, அதாவது என்னுடன் பிறந்த சர்வாதிகாரி, இரண்டாவது வரியிலேயே கடிதத்தை மடித்து மேசைக்காலுக்கு முட்டுக்கொடுத்துவிடுவாள். எழுதியவன் நானாக இல்லாவிட்டால் நானும் நம்பியிருக்கமாட்டேன்.

விதைப்புக்கு முன் நீ வந்து என் மேட்டு நிலத்தில் இரண்டு பாத்தி பிரித்துவிட்டுப் போனாயே. நான் பொறுக்கி ஓரமாகக் குவித்திருந்த கூழாங்கற்களை ஒரு பாத்தியில் திரும்பப் பரப்பி, "மாமா, இது கல் பாத்தி, அது மொட்டைப் பாத்தி. ரெண்டுக்கும் ஒரே சோளம், ஒரே நாள் விதைப்பு. மழைதான் தண்ணி. வேற ஒரு சொட்டு ஊத்தினா உங்களோட பேசவே மாட்டேன்" என்று விரலை ஆட்டிவிட்டுப் போனாயே. அவற்றின் இன்றைய நிலவரம் கேள்.

மொட்டைப் பாத்திச் சோளம் வளரும் வேகத்தில் அதன் மேல் உட்கார்ந்த காக்கை ஒன்று கீழே இறங்க வழி தெரியாமல் கத்திக்கொண்டிருக்கிறது. கதிரின் நிழல் தபால் நிலையத்தில் போய் விழுவதால் பகலிலேயே விளக்குப் போடவேண்டியிருக்கிறது என்று தபால்காரர் என்னிடம் சண்டைக்கு வந்தார். கல் பாத்தி? அதுவும் அதே உயரம்தான். கட்டைவிரல் அளவுகூட அதிகம் இல்லை.

ஆகவே, நீ சொல்கிற அந்தக் காலத்து உழவர் பெருமக்கள் இங்கே கல் பரப்பியது வேறு பொழுதுபோக்கு இல்லாத குறையால்தான் என்பது என் பணிவான தீர்ப்பு. அறுவடை முடிந்ததும் மேட்டுச் சங்கம் கூடுகிறது. மேட்டில் உள்ள எல்லார் நிலத்துக் கல்லையும் அள்ளிக்கொண்டு போய் ரோட்டுக்கு உடைக்க, ஜல்லி ஒப்பந்தக்காரர் இயந்திரத்துக்கு எண்ணெய் போட்டு வைத்துவிட்டுக் காத்திருக்கிறார். உன் அறிக்கையைக் கேட்ட பிறகுதான் கை தூக்க வேண்டும் என்று சங்கச் செயலாளரம்மா ஒற்றைக்காலில் நிற்கிறாள். "இரண்டும் சமம், கல் வேண்டாம்" என்று இரண்டு வரி எழுதி அனுப்பு. எல்லாருக்கும் வேலை மிச்சம்.

மேட்டு நிலத்தின் ஏகச் சக்கரவர்த்தி,
உன் மாமா


ஜூன் 15

மாமா,

காக்கை நலமா? இறங்கிவிட்டதா?

உங்கள் வரப்பில் நான் நட்டுவிட்டு வந்த மழைமானி, கம்பி இல்லாமலே எனக்குத் தகவல் அனுப்பிக்கொண்டிருக்கிறது. விதைத்ததிலிருந்து தூறல்தான். அந்தத் தூறலில் கல் பாத்தி தாக்குப்பிடிக்கலாம் என்பதுதான் என் ஊகமே. மொட்டைப் பாத்தி அதே உயரம் வளர்ந்திருக்கிறது என்றால் எனக்கு உறுத்துகிறது. நீங்கள் சொல்வதில் முக்கால்வாசியைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் உறுத்துகிறது.

கல்லைப் பற்றி அவசரமாகச் சொன்னது உங்கள் காதில் ஏறவில்லை போலிருக்கிறது. திரும்பச் சொல்கிறேன். மேட்டின் சொந்தப் பாறை உடைந்தால் கூர்முனையாகத்தான் உடையும். உங்கள் நிலத்தில் கிடப்பதோ வழவழப்பான உருண்டைக் கல், ஆற்றில் உருண்ட கல். அது தானாக மேடேறி வராது. யாரோ ஆற்றிலிருந்து கூடை கூடையாகச் சுமந்துவந்து பரப்பியிருக்கிறார்கள். அதற்கு அடியில் சாம்பலும் எருவும் கலந்த கறுப்பு மண். மேட்டடியில் நாங்கள் தோண்டிய வீட்டு அடுப்பிலோ கருகிய தானியம். இடுப்பு ஒடிய இவ்வளவு கல் சுமந்தவர்களுக்குக் காரணம் இருந்திருக்கும். கல் மண்ணுக்கு நிழல் தரும், ஈரம் ஆவியாகிப் போகாது, மழை வழிந்து ஓடாமல் அங்கேயே இறங்கும்.

பழசு என்றாலே கும்பிடுகிற ஆள் இல்லை நான். அதே ஆட்கள் பிறகு அந்த மேட்டை விட்டே போயிருக்கிறார்கள். ஏன் என்று இன்னும் தெரியவில்லை. அதனால்தான் இன்றைய விதையை இன்றைய வெயிலில் வைத்துப் பார்ப்போம் என்றேன். இது சரியாக வந்தால், கிணறு வெட்ட வழியில்லாத மேட்டு நிலக்காரர்களுக்கு மழை குறைந்த வருஷத்திலும் ஏதாவது மிஞ்சும். தவறாக வந்தால் நானே முதல் ஆளாகக் கல்லை அள்ளிப் போகச் சொல்வேன். ஆனால் சோதனை சுத்தமாக இருக்க வேண்டும். அள்ளி உடைத்துவிட்டால் திரும்பப் பரப்பக் கல் கிடைக்காது.

நேராகக் கேட்கிறேன். தண்ணீர் ஊற்றுகிறீர்களா?

ஒரு சின்ன உதவியும் வேண்டும். இரண்டு பாத்தியிலும் முளைத்திருக்கும் களையை வேரோடு பிடுங்கி, செய்தித்தாளில் பரப்பி, தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி, எது எந்தப் பாத்தி என்று மேலே எழுதி அனுப்புங்கள். எதற்கு என்று கேட்காதீர்கள். சும்மா, என் சேகரிப்புக்கு.

மருமகள்


ஜூன் 27

சந்தேகத்தின் மொத்த வியாபாரியான மருமகளே,

களை! நம் குடும்ப வரலாற்றில் ஒரு பெண் தன் தாய்மாமனிடம் பட்டுக் கேட்டிருக்கிறாள், தங்கம் கேட்டிருக்கிறாள், மாப்பிள்ளை பார்க்கச் சொல்லியும் கேட்டிருக்கிறாள். செய்தித்தாளில் சுற்றிய களை கேட்டவள் நீ ஒருத்திதான். தபால்காரர் பொட்டலத்தை முகர்ந்து பார்த்துவிட்டு, "ஐயா, உங்க வீட்டுல ஆடு ஏதாவது வெளியூர் போயிருக்கா?" என்று கேட்டார். என் கௌரவம் அந்த இடத்திலேயே காலமாகிவிட்டது.

இருந்தாலும் அனுப்பியிருக்கிறேன். இரண்டு பொட்டலம். மேலே கொட்டை எழுத்தில் பெயர் இருக்கிறது. "சும்மா, சேகரிப்புக்கு" என்கிறாய். நீ சும்மா எதையும் கேட்டதில்லை. சிறு வயதில் "மாமா, உங்க சட்டைப் பை எவ்வளவு ஆழம்?" என்று கேட்டுவிட்டு உள்ளே தவளையை விட்டவள் நீ.

இப்போது என் கேள்வி. உண்மையைச் சொல். வேலி போடப் போகிறீர்களா?

ஒப்பந்தக்காரர் எல்லாவற்றையும் என்னிடம் சொல்லிவிட்டார். "சார், உங்க மருமக பெரிய இடத்துல வேலை பாக்குது, சந்தோஷம். ஆனா ஒரு பானை ஓடு கெடைச்சாப் போதும், சுத்தி வேலி போட்டு போர்டு மாட்டிருவாங்க. அப்புறம் உங்க சோளத்தைப் பாக்க நீங்களே டிக்கெட் வாங்கித்தான் உள்ள போகணும்" என்றார். நான் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு சிரிப்பு வரவில்லை. இந்த மேடு ஒன்றுதான் எனக்கு இருக்கிறது. இதில் முள்கம்பி போட்டால் நான் கடை வாசலில் உட்கார்ந்து பொய் சொல்வதை மட்டுமே முழுநேரத் தொழிலாக வைத்துக்கொள்ள வேண்டியதுதான். கல் ஜெயித்தால் வேலி வரும் என்றால், அந்தக் கல் எனக்கு எதற்கு?

தண்ணீர் பற்றிக் கேட்டாய். என் மீசை மேல் ஆணை: கல் பாத்தியில் ஒரு சொட்டுத் தண்ணீர் நான் ஊற்றவில்லை.

மனம் புண்பட்ட
உன் மாமா


ஜூலை 6

மாமா,

உங்கள் மீசையை எடுத்துவிடலாம். இனி அதற்கு மதிப்பில்லை.

களை எதற்கு என்று இப்போது சொல்கிறேன். அடுப்பில் தானியம் கருகும்போது அதோடு வந்த களை விதையும் கருகிவிடும். சாம்பலைச் சலித்து அந்த விதைகளைத்தான் நாங்கள் தேடுவோம். வறண்ட நிலத்துக் களை ஒரு ஜாதி, நின்ற ஈரத்தில் வளரும் களை வேறு ஜாதி. எது கிடக்கிறது என்று பார்த்தால், அந்த ஆள் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சினாரா, மழையை மட்டும் நம்பினாரா என்று சொல்லிவிடலாம். உங்கள் மேட்டடி வீட்டு அடுப்பில் நெருஞ்சி மாதிரி வறண்ட நிலத்துக் களை மட்டும்தான் இருந்தது. அவர் செத்து ரெண்டாயிரம் வருஷம் ஆகிறது. அவராலேயே என்னிடம் மறைக்க முடியவில்லை. நீங்கள் பொட்டலம் கட்டி அனுப்பிவிட்டு மறைக்கப் பார்க்கிறீர்கள்!

"மொட்டைப் பாத்தி" என்று எழுதிய பொட்டலத்தில் நெருஞ்சியும் அதன் உறவுக்காரர்களும். "கல் பாத்தி" என்று எழுதிய பொட்டலத்தில் நீர்மேல்நெருப்பு என்கிற ஈரநிலக் களையும், சதுப்பில் முளைக்கிற மெல்லிய கோரையும். இவை மேட்டுக்குத் தானாக வராது. குட்டைத் தண்ணீரில் விதையாக மிதந்து, வாளியில் ஏறித்தான் வரும்.

உங்கள் மனசு எனக்குப் புரிகிறது. மருமகள் தோற்றுவிடக் கூடாது என்று கல் பாத்திக்கு மட்டும் தண்ணீர் சுமந்திருக்கிறீர்கள். ஆனால் இதற்கு என்ன அர்த்தம் என்று பாருங்கள். மொட்டைப் பாத்தி வெறும் தூறலில் வளர்ந்து நிற்கிறது. கல் பாத்தி வாளித் தண்ணீரையும் குடித்துவிட்டு அதே உயரம்தான் இருக்கிறது. அப்படியென்றால் கல் உதவவில்லை. ஒருவேளை கெடுக்கவும் செய்கிறது. என் ஊகம் தவறு. சங்கத்துக்கு அப்படியே எழுதப்போகிறேன். தவறாக வந்தால் நானே கல்லை அள்ளச் சொல்வேன் என்றேன், சொல்கிறேன். வலிக்கத்தான் செய்கிறது.

வேலி விஷயம். உங்களிடம் சொன்னவருக்குக் கல் வேண்டும், அதனால் சொன்னார். இது உழுது விதைக்கிற வரைக்கும்தான் வயல். வேலி போட்டுப் பூட்டினால் கல்லைப் புரட்டிப் போட ஆள் இருக்காது, கறுப்பு மண் கெட்டியாகிவிடும். இதில் பயிர் செய்யுங்கள் என்று கேட்டு எங்கள் ஆய்வு நிலையம் உங்களுக்கு எழுதிய கடிதம் உங்கள் அலமாரியில் இருக்கிறது. உறையைப் பிரித்தீர்களா?

மருமகள்


ஜூலை 13

மருமகளே,

நிறுத்து. அறிக்கையை அனுப்பாதே. அனுப்பிவிட்டால் பின்னாலேயே ஓடிப்போய் தபால் வண்டியை மறித்துக்கொள்.

உறையைப் பிரிக்கவில்லை. இன்றுதான் பிரித்தேன். அதை விடு.

உன் கடிதம் வந்த அன்றே நான் கடை வாசலில் வாயை அடக்காமல், "கல் தோத்துப்போச்சு, டாக்டரே எழுதிட்டா" என்று சொல்லிவிட்டேன். சொல்லி முடிக்குமுன் ஒப்பந்தக்காரர் அளவுநாடாவோடு என் நிலத்தில் நின்றார். "சார், கல்லோட சேத்து அடியில இருக்கற கறுப்பு மண்ணையும் முழங்கை ஆழத்துக்கு வழிச்சுக்கறேன். தொட்டிச்செடி விக்கறவங்க கேக்கறாங்க. உங்களுக்கு அந்த மண்ணால என்ன பிரயோஜனம்?" என்றார். எல்லார் நிலத்திலும் அப்படித்தானாம். சிரித்துக்கொண்டே சொன்னார். மண்ணே போய்விட்டால் வேலி போட்டால் என்ன, போடாவிட்டால் என்ன?

எனவே கேள். என் ஆணையைத் திரும்ப எடுத்துப் படி. கல் பாத்தியில் ஒரு சொட்டும் ஊற்றவில்லை என்றுதான் எழுதியிருக்கிறேன். என் மீசைக்கு ஒரு களங்கமும் இல்லை. நான் தண்ணீர் ஊற்றியது மொட்டைப் பாத்திக்கு.

இந்த மேட்டில் முதன்முதலாக இயந்திரம் வைத்துக் கல்லைப் பொறுக்கியவன் நான். பொறுக்கியதோடு விட்டேனா? போகிறவன் வருகிறவனையெல்லாம் நிறுத்தி, "கல்லோட விவசாயம் பண்றவன் பல்லோட கஞ்சி குடிக்கறவன்" என்று ஏதேதோ உளறினேன். பலர் கேட்டுப் பொறுக்கவும் செய்தார்கள். இப்போது நீ வந்து கல்லைத் திரும்பப் பரப்பி ஜெயித்தால் என் மூஞ்சியை எங்கே வைப்பது? அதோடு வேலிப் பயமும் சேர்ந்துகொண்டது. தினமும் பல் துலக்குமுன் இரண்டு வாளியோடு குட்டைக்குப் போய் வந்தேன். தோள்பட்டை இறங்கி இடுப்புக்கு வந்துவிட்டது. அவ்வளவு ஊற்றியும் மொட்டைப் பாத்தி கல் பாத்தியை எட்டிப்பிடித்ததோடு சரி. அந்தக் கல் பாத்தி ஒரு சொட்டுக் குடிக்காமல், நான் மூச்சு வாங்குவதைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றது. அதை நினைத்தால்தான் ஆத்திரம்.

நீ களை கேட்டதும் எனக்குப் பொறி தட்டியது. மொட்டைப் பாத்தியில் இதுவரை பார்க்காத செடியெல்லாம் முளைத்திருந்ததை நானும் கவனித்திருந்தேன். மேலெழுத்தை மாற்றிவிட்டேன். நீ குழம்பிப்போய் இதை விட்டுவிடுவாய் என்று நினைத்தேன். நீ உன் தலையை நீயே சீவி, தட்டில் வைத்து எனக்கே அனுப்புவாய் என்று நினைக்கவில்லை.

இதில் ஒரு சொல்கூடப் பெரிதாக்கவில்லை. தோள்பட்டை மட்டும் கொஞ்சம்.

உன் மாமா


ஜூலை 22

மாமா,

நான் நம்பவில்லை.

கடிதத்தைப் படித்ததும் முதலில் தோன்றியதைச் சொல்கிறேன்: இதுவும் பொய். மருமகள் தோற்றுவிட்டாள் என்று பரிதாபப்பட்டு, பழியைத் தூக்கித் தலையில் போட்டுக்கொள்கிறார், போகிற போக்கில் ஒப்பந்தக்காரரையும் மாட்டிவிடுகிறார் என்று நினைத்தேன். அம்மாவிடம் தொலைபேசியில் படித்துக் காட்டினேன். "அவன் ஒத்துக்கறான்னா அதுக்குப் பின்னால இன்னொன்னு இருக்கும்டி" என்றாள்.

அதனால் உங்கள் பேச்சை ஓரமாக வைத்துவிட்டுப் பொட்டலங்களைத் திரும்பப் பிரித்தேன். முதல் தடவை நான் செடியின் பெயரை மட்டும் பார்த்தேன். மேலே எழுதியிருந்ததை அப்படியே நம்பினேன். எங்கள் தொழிலில் கொலைக்கு அடுத்த குற்றம் மாதிரியின் பெயர்ச்சீட்டை மாற்றுவது. அதற்கு அடுத்தது சீட்டை மட்டும் நம்புவது. இந்தத் தடவை தண்டைப் பார்த்தேன். கல்லுக்கு அடியில் முளைக்கிற செடி வெளிச்சம் தேடி இடுக்கில் வளைந்து வளைந்துதான் வெளியே வரும். கழுத்து வெளுத்து நீண்டிருக்கும். நீர்மேல்நெருப்பும் கோரையும் நேராக நின்றன, கழுத்திலிருந்தே பச்சை. நெருஞ்சிதான் வளைந்து வெளுத்திருந்தது. "மொட்டை" என்று நீங்கள் கொட்டை எழுத்தில் எழுதிய பொட்டலத்தில்.

ஆக, சீட்டுதான் பொய். தண்ணீர் குடித்தது மொட்டைப் பாத்தி. வெறும் தூறலில் நின்றது கல் பாத்தி. என் ஊகம் செத்துவிடவில்லை.

ஆனால் ஜெயிக்கவும் இல்லை, மாமா. இது புரிய வேண்டும். ஒப்பிட வைத்த பாத்திக்கு நீங்கள் எவ்வளவு ஊற்றினீர்கள், எங்கே ஊற்றினீர்கள் என்று யாருக்கும் தெரியாது. இந்தப் பருவத்துச் சோதனை செல்லாது. "கல் ஜெயித்தது" என்று எழுத ஆசைதான். எழுதினால் நானும் உங்கள் கடை வாசலுக்கே வந்து உட்கார வேண்டியதுதான்.

அறிக்கையை மாற்றி எழுதி இதோடு வைத்திருக்கிறேன். நான்காம் பத்தியில் நடந்தது எல்லாம் இருக்கிறது: நில உரிமையாளர் ரகசியமாகத் தண்ணீர் ஊற்றினார், மாதிரிகளின் சீட்டை மாற்றினார், ஆராய்ச்சியாளரும் சரிபார்க்காமல் ஏமாந்தார். முடிவில் ஒரே கோரிக்கை: இன்னொரு பருவம் சோதிக்கும்வரை கல்லையும் மண்ணையும் தொட வேண்டாம்.

தோண்டுகிற வேலை நடுவில் இருப்பதால் என்னால் சங்கக் கூட்டத்துக்கு வர முடியாது. நீங்கள்தான் படிக்க வேண்டும். உங்களை நம்பிக் கொடுக்கிறேனா என்று கேட்காதீர்கள். கொடுக்கிறேன், அவ்வளவுதான். நான்காம் பத்தியை எடுத்துவிட்டுப் படித்தால் மிச்சமெல்லாம் இன்னும் அழகாகத்தான் இருக்கும். அது எனக்கும் தெரியும்.

மருமகள்


ஆகஸ்ட் 9

சாம்பல் டாக்டரே,

தீர்மானத்தைச் செயலாளரம்மா தன் கையாலேயே எழுதி இதோடு இணைத்திருக்கிறாள். அதை நம்பு. அடுத்த அறுவடைவரை மேட்டில் யாரும் கல்லையோ மண்ணையோ விற்கக் கூடாது. ஆளுக்கு ஒரு கல் பாத்தி, ஒரு மொட்டைப் பாத்தி. குட்டைப் பக்கம் நான் வாளியோடு தென்பட்டால் யார் வேண்டுமானாலும் வாளியைப் பிடுங்கிக்கொள்ளலாம் என்று கடைசி வரியில் என்னைப் பற்றித் தனியாக ஒரு விதி. இவ்வளவும் அவள் எழுதியது. மற்றதை நான் சொல்கிறேன்.

சபை எப்படி இருந்தது தெரியுமா? மேட்டு மக்கள் மட்டுமல்ல, ஏழு கடலுக்கு அப்பாலிருந்தும் ஆள் வந்திருந்தது. நாற்காலி போதாமல் சிலர் மின்விசிறியில் தொங்கிக்கொண்டு சுற்றினார்கள். முதல் வரிசையில் ஒப்பந்தக்காரர், கால் மேல் கால், கையில் இயந்திரத்தின் சாவி. நான் எழுந்து உன் அறிக்கையைப் பிரித்தேன். முதல் மூன்று பத்தியும் தேன். ஆற்றுக் கல், கறுப்பு மண், அடுப்புச் சாம்பல் என்று நான் அடுக்க அடுக்கக் கூட்டம் தலையாட்டிய காற்றில் வெளியே துணி காய்ந்தது.

பிறகு நான்காம் பத்தி. இடி முழங்குவதுபோல் படித்தேன். சுவர்க்கடிகாரம் நின்றது. கூரைத் தகடு ஒன்று எழுந்து நின்று கைதட்டியது. ஒப்பந்தக்காரர் நாற்காலியோடு ஜன்னல் வழியாகப் பறந்துபோய் தன் லாரியிலேயே விழுந்தார்.

"யோவ், திருட்டுத் தண்ணி ஊத்தியுமா ஒன்னால அந்தக் கல்ல ஜெயிக்க முடியல?" என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார்.

"அண்ணே, நீங்க தோத்ததுதான்ணே இதுவரைக்கும் அந்தக் கல்லுக்கு நல்ல சாட்சி" என்றார் இன்னொருவர்.

"இவர் சொல்றதை எப்படி நம்பறது? நாளைக்கு இதையும் மாத்திருவாரு" என்றாள் என் பேச்சைக் கேட்டுக் கல் பொறுக்கிய பக்கத்து நிலக்காரி.

"என்னை நம்ப வேணாம்மா. ஆளுக்கு ரெண்டு பாத்தி போட்டு நீங்களே பாத்துக்குங்க" என்றேன். உடனே சபை என்னைத் தோளில் தூக்கி மேட்டை மூன்று முறை வலம் வந்தது. வானம் பூ தூவியது. ஒரு பூ என் மூக்கில் மாட்டிக்கொண்டது.

நீ இதில் எதையும் நம்பமாட்டாய். உன் அம்மாவும் மேசைக்காலைத் தேடுவாள். நம்பவும் வேண்டாம். நாற்காலி எல்லாருக்கும் போதுமானதாகத்தான் இருந்தது. ஒப்பந்தக்காரர் கதவு வழியாகத்தான் போனார். யாரும் யாரையும் தூக்கவில்லை.

ஒரு சின்னப் பகுதி மட்டும் உண்மை. நான்காம் பத்தியை விடாமல் படித்தேன். இடி எல்லாம் இல்லை. குரல் உள்ளே போய்விட்டது. பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்று செயலாளரம்மா திரும்பப் படிக்கச் சொன்னாள்.

திரும்பவும் படித்தேன்.

உன் மாமா